ஏழாம் பக்கத்துக் கிளிப்புகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் தானாக உதித்ததல்ல. ஒரு தப்பிலிருந்து வந்தது, அதுவும் நான் செய்த தப்பு. அடுத்தவர் தப்பைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்குக் கை சரசரவென்று ஓடும். என்னுடையது என்றதும் மூன்று தொடக்கம் எழுதி மூன்றையும் அடித்தாயிற்று.

முதல் தொடக்கம்: "அந்த வீட்டில் ஒரு குழந்தை இருந்தது. அது எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டது. அதன் அப்பா எல்லாவற்றுக்கும்..."

இதற்கு மேல் போகவில்லை. குழந்தை என்றாலே குரலைக் குழைத்துக்கொள்ளும் கெட்ட வழக்கம் எனக்கு உண்டு. நான்கு வரி போனால் எனக்கே குமட்டும்.

இரண்டாவது: "நிறம் என்பது என்ன?" கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறேன்?

மூன்றாவது: "புதன்கிழமை காலை பத்தரைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார்கள்." இது பரவாயில்லை. ஆனால் யார், எதற்கு, நடுவில் நான் எங்கே வந்தேன் என்று சொல்லாமல் இப்படி ஆரம்பித்தால் நீங்கள் திட்டுவீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் வருகிறேன்.

நான் எழுதிப் பிழைப்பவள். துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, பள்ளிப் பாடம், யாரோ ஒருவரின் ஓய்வுபெறும் உரை, எது வந்தாலும் எழுதுவேன். இடையில் நேரம் கிடைத்தால் கதை. போன வருடம் ஒரு பதிப்பாளர் கேட்டார்: ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க இருபது வழிகள், பக்கத்துக்கு ஒன்று, சின்னப் புத்தகம். எனக்குப் பிள்ளை கிடையாது. அதையும் சொன்னேன். "பரவாயில்லைங்க, நீங்க அழகா எழுதுவீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கித்தான் ஒப்புக்கொண்டேன். என் புத்தி அப்படி.

எழுதினேன். துணிக்கூடைக்குள் உட்காரவைத்து உள்ளே, வெளியே. கரண்டிகளை வரிசையாக வைத்துப் பெரிசு, சின்னது. காலுறைகளை ஜோடி சேர்த்து ஒரே மாதிரி, வேறு மாதிரி. தம்ளரில் தண்ணீர் ஊற்றி நிறைய, காலி. தலையணையைப் படியாக அடுக்கி மேலே, கீழே. பரிசோதித்துப் பார்க்கக் குழந்தைக்கு எங்கே போவேன்? பக்கத்து வீட்டுப் பூனையைக் கூடைக்குள் வைத்துப் பார்த்தேன்.*

* பூனைக்கு 'வெளியே' உடனே புரிந்தது. 'உள்ளே' கடைசிவரை புரியவில்லை.

2

இனி, ஆள். அவரை மெய்ப்புக்காரர் என்றே சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அச்சுக்குப் போகும்முன் தாளில் பிழை பார்ப்பது அவர் தொழில், வீட்டிலிருந்தபடியே செய்கிறார். சன்னலோரம் ஒரு மேசை. வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டு வாசிப்பார்.

[ஓரத்தில்: அடிக்கோல் இல்லை. பழைய நாட்காட்டியின் அட்டை.]

பார்த்தீர்களா? இப்படித்தான். இந்தக் கதையும் அவர் கைக்குப் போய்த்தான் உங்களிடம் வருகிறது. அவர் ஓரத்தில் எழுதியதில் சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பத்து வருடமாக என் எழுத்து அவர் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. ஒரு கதையில் மூன்றாம் பக்கத்தில் செத்துப்போன மாமா பதினோராம் பக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பதிப்பாளர் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. இவர் ஓரத்தில் எழுதினார்: "மேடம், மாமா எழுந்துவிட்டாரா?" அப்படிப்பட்ட கண்.

அவர் மனைவிக்குப் பெயிண்ட் கடையில் வேலை. வாடிக்கையாளர் கேட்கும் நிறத்தை இயந்திரத்தில் கலந்து கொடுக்கும் கவுன்ட்டர் அவளுடையது. காலையில் போனால் பொழுது சாயும்போது வருவாள். அதுவரை மகள் அப்பாவோடு. மகளுக்கு வீட்டுப் பெயர் கமா. பிறந்தபோது காற்புள்ளி மாதிரிச் சுருண்டு கிடந்தாளாம். இப்போது இரண்டே முக்கால் வயது, சுருண்டு படுக்க நேரமில்லாத பிறவி.

என் புத்தகத்தின் மெய்ப்பு அவரிடம் போனபோது, மனிதர் பிழை மட்டும் பார்க்கவில்லை. நான் பூனையை வைத்துப் பார்த்ததை அவர் மகளை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் குறிப்பு. "பக்கம் 3: ஆறு கரண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வேண்டும். இரண்டு எப்போதும் வாயில் இருக்கும்." "பக்கம் 1: குழந்தையைக் கூடைக்குள் வைப்பது சுலபம். வெளியே எடுப்பது பற்றி ஒரு வரி சேர்க்கவும்." கமா கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு, அப்பாவின் இரண்டு செருப்பையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, "செருப்பு உள்ள. அப்பா வெளிய" என்று தீர்ப்புச் சொன்னாளாம். அவர் வெறுங்காலோடு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார்.

'காலி' என்ற வார்த்தை கிடைத்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தம்ளர் காலி, தட்டு காலி, டப்பா காலி. ஒருநாள் அம்மா வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தியதும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா காலி" என்றாளாம். படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டு சிரித்ததில் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

அந்தக் குறிப்புகளைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுதியது நான். விளையாடியது அவர்கள்.

3

ஏழாம் பக்கம்.

துணி காயப்போடும் கிளிப்புகளை நிறவாரியாகக் கிண்ணத்தில் போடும் விளையாட்டு. நிறத்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்க. பக்கத்தை வடிவமைத்தவர் வண்ண வட்டங்கள் ஆறு போட்டு அவற்றின் அடியில் பெயர் போட்டிருந்தார். இரண்டாவது மெய்ப்பில் ஒரு குளறுபடி. பச்சை வட்டத்தின் அடியில் 'ப்ரவுன்' என்றும், ப்ரவுன் வட்டத்தின் அடியில் 'பச்சை' என்றும் இடம் மாறிப் போயிருந்தன.

மெய்ப்புக்காரர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார். பச்சை வட்டத்துக்கு அரை விரல் தள்ளி ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்ததைச் சேர்த்திருந்தார். பெயரைத் தொடவில்லை. செத்த மாமாவைப் பிடித்த கண், இவ்வளவு பெரிய வட்டத்தை விட்டுவிட்டது.

அவருக்குச் சில நிறங்கள் பிரித்துத் தெரிவதில்லை என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஒருமுறை என் நாவல் முழுவதையும் பச்சை மையால் திருத்தி அனுப்பியிருந்தார். ஏதோ புதுப் பாணி என்று நினைத்தேன். சிவப்புப் பேனா என்று நினைத்து எடுத்திருக்கிறார், பாவம்.

இந்த இடத்தில் "பிறகு அதை மறந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தேன். பொய். அடித்துவிட்டேன். மறக்கவில்லை. வடிவமைத்தவரிடம் நானே சொல்லிப் பெயர்களை மாற்றவைத்தேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவேளை அவருக்கே தெரியாதோ, தெரியாத ஒன்றை நான் போய்ச் சொல்வதா என்று தயங்கினேன்.

[ஓரத்தில்: பத்து வயதிலிருந்து தெரியும். படத்துக்கு வண்ணம் அடிக்கச் சொன்னார்கள். என் மரங்களைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.]

என் தப்பை இன்னும் சொல்லவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் பதிப்பாளர், "பெற்றோர் கவனத்துக்குன்னு ஒரு கட்டம் போடுங்க, கனமா இருக்கும்" என்றார். ஏழாம் பக்கத்தில் இடம் இருந்தது. எழுதினேன்: "மூன்று வயதை நெருங்கும் குழந்தை நான்கு நிறங்களின் பெயரைச் சொல்லத் தடுமாறினால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது." எங்கிருந்து எடுத்தேன் இதை? எங்கிருந்தும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அழைப்புமணி. மெய்ப்புக்காரரின் மனைவி, கையில் கமா, தோளில் பை, பைக்குள் என் புத்தகம்.

"அக்கா, நீங்கதானே இதை எழுதினது? அதான் உங்ககிட்டயே வந்துட்டேன்."

உட்காரச் சொன்னேன். கமாவை நான் அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் என் வீட்டில் இருந்த பொருளுக்கெல்லாம் பெயர் கேட்டு என் தொண்டையைக் காயவைத்தவள். இன்று அம்மாவின் மடியில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போன மாசம் வரைக்கும் ஓயாம பேசுவாக்கா. இப்ப என்ன கேட்டாலும் பதிலே கிடையாது. பச்சையைக் காட்டினா ஒரு நாள் ப்ரவுன்ங்கிறா, ஒரு நாள் பச்சைங்கிறா. 'இல்லடா, இது பச்சை'ன்னு நான் சொன்னா, அவ அப்பாவைத் திரும்பிப் பாக்குறா. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு. எழுந்து உள்ள போயிடுறாரு. இப்ப கலரை விடுங்க, காக்கா எங்கன்னு கேட்டாக்கூட வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். குழந்தைகள் பள்ளியில் சேர்க்கப் போனபோது கொடுத்தது. 'நிறங்கள்: தெரியவில்லை. கேள்விக்குப் பதில் இல்லை. பரிசோதனை செய்வது நலம்.'

"நாள் பூரா கலர் கலக்குறவ நான். ஒருத்தர் தலகாணி உறையைக் கொண்டுவந்து இதே கலர்ல சுவர் வேணும்னா, மெஷினைப் பாக்காமலே எத்தனை சொட்டுன்னு சொல்லிடுவேன். என் வயித்துல பொறந்ததுக்குப் பச்சை தெரியலைன்னா..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்காமல் விடுகிறேன்.

"உங்க புஸ்தகத்துலயே போட்டிருக்கே, டாக்டர்கிட்ட காட்டணும்னு. புதன்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள வீட்ல வேற ஏதாவது விளையாட்டு சொல்லிக் குடுத்தா பிடிச்சிப்பாளாக்கா?"

என் கட்டத்தை என்னிடமே விரலால் தொட்டுக் காட்டினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அப்போது கடையிலிருந்து அவளுக்குப் போன். ஒரு சுவருக்குக் கலந்த நிறம் இன்னொரு சுவரோடு ஒத்துவரவில்லையாம். அவள் பால்கனிக்குப் போய் ஏதோ எண்கள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கமாவைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்து, பாட்டில் மூடிகள் போட்டுவைத்திருக்கும் டப்பாவைக் கவிழ்த்தேன். எதுவும் கேட்கவில்லை. நானாக மூடிகளை நிறம் பார்த்துச் சேர்க்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைநீட்டினாள். மஞ்சளோடு மஞ்சள். பச்சையோடு பச்சை. ப்ரவுனோடு ப்ரவுன். ஒரு கரும்பச்சை மூடியை நான் அவசரத்தில் ப்ரவுன் குவியலில் போட்டுவிட்டேன். அதை எடுத்துப் பச்சையில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரக்கம்தான், வேறொன்றுமில்லை.

கண் பழுதில்லை. மூளை பழுதில்லை. எனக்குச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. அந்தக் கரும்பச்சை மூடியைக் காட்டி, "இது என்ன கலரு, கண்ணு?" என்றேன்.

உடனே இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயின. மூடியைப் பார்க்கவில்லை. அறையைச் சுற்றிலும் பார்த்தாள், கதவுப் பக்கம் பார்த்தாள்.

"யாரைத் தேடுற?"

"அப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தை கணக்கை எப்படிப் போட்டிருக்கிறது பாருங்கள். நிறத்தின் பெயர் மூடியில் இல்லை, அப்பா முகத்தில் இருக்கிறது. அப்பா இல்லாத வீட்டில் பதில் எங்கே இருக்கும்?

மனைவி திரும்பி வந்தாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா, பிரிச்சு வெக்கிறா பாரு" என்றேன்.

குவியல்களைப் பார்த்தாள். "கண்ணு தெரிஞ்சும் பேர் சொல்ல வரலையா? அப்ப மூளையிலயாக்கா?"

அதெல்லாம் இல்லை, இந்த வயதில் இப்படித்தான், கட்டத்தில் நான் எழுதியதே தப்பு என்று ஏதேதோ சொன்னேன். "நீங்க எனக்காகச் சொல்றீங்க" என்றாள். அவள் கணவர் பெயர் என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இத்தனை வருடமாக ஒருவர் மூடிவைத்ததை, அதுவும் அவர் பெண்டாட்டியிடம், நான் யார் திறப்பதற்கு? இப்படித்தான் அன்று சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். இன்று யோசித்தால் வெறும் பயம்.

5

இனி கொஞ்சம் நானாகக் கற்பனை செய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்து எழுத்து நின்றது. நல்ல மனிதர், கூடைக்குள் செருப்பைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பவர், தன் ஒரு குறையைச் சொல்லமாட்டாமல் மகளை மந்தம் என்று சொல்ல விடுவாரா? கதாபாத்திரம் கூடிவரவில்லையே என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர்கள் கல்யாணக் கதை ஞாபகம் வந்தது. மனைவிதான் ஒருமுறை சொன்னாள்.

அவர் பெயிண்ட் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். இரண்டு நிற அட்டையை எடுத்துவைத்து, "எது வேணும்?" என்று கேட்டிருக்கிறாள். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ, அதையே குடுங்க." அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கவுன்ட்டரில் ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் நடுவில் புருஷன் பெண்டாட்டி மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். இப்படியும் ஒரு ஆளா? அடுத்த வாரம் இன்னொரு அறைக்கு வாங்க வந்தார். வீட்டில் இருந்ததே இரண்டு அறைதான்.

[ஓரத்தில்: மூன்று அறை. மூன்று தடவை போனேன்.]

அந்த ஒரு வாக்கியத்தை அவள் இன்றுவரை சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறாள். இப்போது அவர் எப்படிச் சொல்வார்? 'உனக்குப் பிடித்ததே எனக்கும்' என்று நீ எடுத்துக்கொண்டாயே, அது எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததால் சொன்னது என்று? அவள் பொத்திவைத்திருப்பதே அந்த ஒரு பேச்சைத்தான்.

[ஓரத்தில்: பாதிதான் தப்பிக்கச் சொன்னது. மீதிப் பாதி நிஜம். இதை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. அப்படியே விடவும்.]

புத்தகத்தின் விளையாட்டுகளை அவர் ஒவ்வொன்றாக விளையாடியபோது ஏழாவதை மட்டும் தாண்டிவிட்டார். ஆனால் அச்சான புத்தகம் வீட்டுக்கு வந்தபின் மனைவி தினமும் கேட்பாள்: "ஏழாவது பண்ணீங்களா? கிளிப்பெல்லாம் புதுசா வாங்கி வெச்சிருக்கேனே." பண்ணினார். கிண்ணங்களை வரிசையாக வைத்து, எது எந்த இடம் என்று மனப்பாடம் செய்துகொண்டார். கமா ஒரே வீச்சில் கலைத்தாள். அதன்பின் குத்துமதிப்புதான். இன்று பச்சை என்றது நாளை ப்ரவுன்.

அவளுக்கோ அம்மாவின் கண். இரண்டும் வேறு வேறு என்று பளிச்சென்று தெரிகிறது. தெரிந்ததனால்தான் அவ்வளவு குழப்பம்.

[ஓரத்தில்: முதல் நாள் ஒரு கிளிப்பைக் காட்டி ப்ரவுன் என்றேன். அவள் சிரித்தாள். அம்மா அதைப் பச்சை என்று ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறாள், நான் விளையாடுகிறேன் என்று இவள் நினைத்திருக்கிறாள். நான் மறுபடி ப்ரவுன் என்றேன். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.]

6

திங்கட்கிழமை காலை உட்கார்ந்து மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் எழுதினேன். மதியம் அவருக்கே அனுப்பினேன். "புதுக் கதை. புதன் காலைக்குள் புரூஃப் பார்த்துத் தர வேண்டும்" என்று ஒரு வரி. ஒரு மனிதனின் வாழ்க்கையைத் தாளில் அடித்து, பிழை பார்த்துக் கொடு என்று அவனுக்கே அனுப்புவது என்ன மாதிரி காரியம் என்று கேட்காதீர்கள். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி இது.

கூடவே மூன்று முடிவுகளும் எழுதிச் சேர்த்திருந்தேன்.

முடிவு ஒன்று: மருத்துவமனை. டாக்டர் கமாவைச் சோதித்துவிட்டு, "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே" என்கிறார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்க எப்பவாவது கண்ணைக் காட்டியிருக்கீங்களா?" என்கிறார். மனைவி திரும்பிப் பார்க்கிறாள்.

[ஓரத்தில்: வெட்டவும். வேறொரு ஆள் சொல்லியா அவளுக்குத் தெரிய வேண்டும்?]

முடிவு இரண்டு: இந்தக் கதை ஒரு பத்திரிகையில் வருகிறது. பெயிண்ட் கடையில் கூட்டமில்லாத மதியம், கவுன்ட்டரில் யாரோ விட்டுப்போன பத்திரிகையை ஒருத்தி புரட்டுகிறாள்.

[ஓரத்தில்: வெட்டவும். இது அதைவிட மோசம். மேடம், உங்களுக்கு மனசே இல்லையா?]

முடிவு மூன்று: யாரும் எதுவும் சொல்வதில்லை. டாக்டர், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார். சரியாகிவிடுகிறது. கமா பள்ளியில் எல்லா நிறமும் கற்றுக்கொள்கிறாள், நன்றாகப் படிக்கிறாள், வளர்கிறாள். ஒன்றே ஒன்று. யார் எதைக் கேட்டாலும், பதில் தெரிந்திருந்தும், முதலில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறாள்.

[ஓரத்தில்: இது நடக்கும். அதனால் வெட்டவும்.]

7

இந்தப் பகுதி திங்கட்கிழமை அவருக்கு அனுப்பியதில் இல்லை. பிறகு எழுதியது.

புதன்கிழமை ஒன்பதரைக்கு வந்தார். என் வீடு இரண்டாம் மாடி. ஒரு கையில் தாள்கட்டு, மறு கையில் கமா. டாக்டரிடம் போவதற்காகத் தலைவாரி, நல்ல கவுன் போட்டுவிட்டிருந்தார்கள்.

"அவ கீழ வண்டியைப் பூட்டிட்டு வர்றா. உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு சொன்னேன்."

தாள்களை வாங்கிக்கொண்டேன். புரட்டினேன். முடிவுகள் இருந்த கடைசிப் பக்கம் முழுக்க அடிக்கப்பட்டுக் கிடந்தது, அதற்குப் பதிலாக எதுவும் எழுதவில்லை.

"முடிவு?"

"முடிவெல்லாம் எனக்கு எழுத வராது மேடம்." வியர்த்திருந்தது அவருக்கு. "அந்தக் கட்டத்தை மட்டும் அடுத்த பதிப்புல எடுத்துடுங்க."

"பதிப்பாளர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"ஒரு அஞ்சு நிமிஷம் இங்க நிக்கிறீங்களா? தனியா இருந்தா மறுபடியும் ஏதாவது சொல்லி மழுப்பிடுவேன்."

நின்றேன். கீழே படியில் செருப்புச் சத்தம் ஏறிவர ஆரம்பித்தது. அவர் கமாவை இறக்கிவிட்டு, என் வாசலுக்கு வெளியே படிமுகப்பில் தரையிலேயே உட்கார்ந்தார். இப்போது இருவர் தலையும் ஒரே உயரம்.

"கமா, உன் கவுன் என்ன கலரு?"

கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. வழக்கம்போல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பாவைப் பாக்காத. அப்பாவுக்குத் தெரியாது."

படியில் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். திருப்பத்துக்கு மேலே நாலைந்து படி ஏறிய இடத்தில் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் திரும்பவில்லை. ஆனால் குரலை உயர்த்தினார், எதிரிலேயே நிற்கும் குழந்தைக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

"நெஜமாவே தெரியாதுடா. அப்பா கண்ணுக்குப் பச்சையும் ப்ரவுனும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். சின்னப் பிள்ளையிலேருந்து அப்படித்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல. அம்மாகிட்டயும் சொல்லல, வெக்கமா இருந்துச்சு. உனக்குத் தப்புத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். நீ சரியாத்தான் சொன்ன. தப்பு அப்பாவுது."

இவ்வளவும் அவளுக்குப் புரிந்ததா தெரியாது. இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது அந்த முகத்தில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கமா காத்திருந்தாள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. பின்னால் இருந்த கைகள் மெல்ல முன்னால் வந்தன. கவுனின் விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, தலையைக் குனிந்து, முதல் தடவையாக அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்.

என்ன நிறம் என்று எழுதியிருந்தேன். இந்தப் பகுதியும் அவரிடம் போனது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், அது மகள் தனக்குக் கொடுத்தது என்று. எடுத்துவிட்டேன்.

சொல்லிவிட்டு அவர் கன்னத்தைத் தட்டினாள். "அப்பா, சொல்லு."

அவர் சொன்னார். குரல் சரியாக வரவில்லை.

"நல்லா சொல்லு."

நன்றாகச் சொன்னார்.

மனைவியைப் பார்த்தேன். தோளில் இருந்த பை முழங்கைவரை சரிந்திருந்தது. அதைத் தோளுக்கு ஏற்றிக்கொள்ளாமல் நின்றிருந்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அந்த முகத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் ஒரு படி ஏறினாள். நான் பின்வாங்கிக் கதவைச் சாத்திவிட்டேன். ஐந்து நிமிடம் நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டவள், மூன்றுதான் ஆகியிருக்கும். ஆனால் அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இல்லை.

எழுதுகிறவளுக்கு இது அழகா என்று கேட்பீர்கள். கதவைச் சாத்தினேனே தவிர நகரவில்லை. காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன், ஒளிப்பானேன். பத்தரை ஆகி, பத்தே முக்காலும் ஆயிற்று. சன்னல் வழியாகப் பார்த்தபோது வண்டி அதே இடத்தில் பூட்டியபடி நின்றது. பெரியவர்கள் பேசிக்கொண்டது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. கமா பேசிக்கொண்டிருந்தாள். கைப்பிடிக் கம்பி, சுவர், மிதியடி, அம்மாவின் பை என்று ஒன்றுவிடாமல் தொட்டுத் தொட்டு நிறம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தி, "சொல்லு" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பச் சொன்னார்.

எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, திரும்பச் சொன்னது ஒரு குரல் மட்டும்தானா, கூடவே இன்னொரு குரலும் சேர்ந்ததா? நடுவில் கதவு இருந்தது, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கதவைச் சாத்தியபோது வாசிக்கிற உங்களை வெளியே விட்டுவிட்டேனே, நீங்கள் படியில்தானே நிற்கிறீர்கள், உங்களுக்குக் கேட்டிருக்கும்.